ஒருமுறை சிமிட்டினால் ஆமாம்

ஜனவரி 10

அன்புள்ள சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாகவே இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. மாப்பிள்ளை உனக்குத் தெரியாமல் ஒரு கார்டு போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டதாம். நாள் முழுக்க மருத்துவமனைக்குள்ளேயே வேலை செய்கிறவள், பத்தடி நடந்து போய் ஒரு டாக்டரைப் பார்க்கக் கூடாதா? நோயாளிகளின் துணியைச் சலவை செய்தால் மட்டும் உன் உடம்பு தேறிவிடாது.

நான் சொல்வதைக் கேள். காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில். முதல் நாள் சாய்வாய், பரவாயில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றாதே. சாப்பிட்ட கையோடு படுக்காமல் தெருமுனை வரைக்கும் போய்விட்டு வா. டீயில் சர்க்கரையை நிறுத்து. "பாதி ஸ்பூன்தான் போடறேன்" என்பாய். உன் பாதி ஸ்பூன் எனக்குத் தெரியும். அது கோபுரமாகக் குவித்த பாதி.

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வயதைக் கூட்டிச் சொல்கிறேனா என்று கேட்டார். ஐம்பத்து நாலில் முப்பது வயதுக்காரனின் இதயமாம். ஏன் இருக்காது? லிப்ட் கெட்டுப்போனால்தானே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்? அப்புறம் அவன் எதில் ஏறிப் போவான்? பன்னிரண்டு மாடியானாலும் கருவிப் பையோடு படிதான். அப்பா அறுபதைப் பார்க்கவில்லை. நான் தொண்ணூறைப் பார்க்காமல் விடப்போவதில்லை. அதுவரைக்கும் என்னோடு சண்டை போட நீ இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை எழுதுகிறேன்.

நேற்று ஸ்பேனர் ஒன்று கையிலிருந்து நழுவி லிப்ட் குழிக்குள் விழுந்துவிட்டது. கீழே ஆள் இல்லை, பிழைத்தேன். கையுறையில் எண்ணெய் பட்டிருந்தது போல. உன் அண்ணி இதை வைத்து என்னைக் கிழவனாக்கிவிட்டாள்.

நடக்க ஆரம்பித்த பிறகு பதில் எழுது.

உன் அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கச்சி வணக்கம். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், காட்டிக்கொடுத்த உன் மாப்பிள்ளை உட்பட. அவருக்கு ஒரு வாரமாக என் கையால் டீ கிடையாது.

நீ எழுதியிருப்பது கடிதமா, மருந்துச் சீட்டா? இருந்தாலும் சொன்னதைச் செய்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். சாய்ந்தேன். பிடித்துக்கொண்ட வாஷ்பேசின் சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்ப மாட்ட ஆள் வந்தான். உன் ஆரோக்கியம் இவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்திருந்தால் இரண்டு காலிலேயே நின்றிருப்பேன்.

என்னைப் பார்த்து நடக்கச் சொல்கிறாயே, காலை ஏழு மணிக்கு இஸ்திரி உருளை முன்னால் நின்றால் மூன்று மணி வரைக்கும் நின்றபடிதான். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுக்கிறேன், மறுபக்கம் கல்லு மாதிரி சூடாக வருகிறது. ஆவியில் முகம் வெந்து வீட்டுக்கு வந்தால், படுக்கைவரைக்கும் நடப்பதே பெரிய நடை. நீ தொண்ணூறு வரைக்கும் இருந்துகொள். பல் போய், காது போய், நான் திட்டுவதுகூடக் கேட்காமல் உட்கார்ந்திரு. நான் இருக்கிறவரைக்கும் இனிப்பாக இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணியை ரொம்பக் கேட்டதாகச் சொல். உன் மீசை மையை நிறுத்தச் சொன்னதாகவும் சொல்.

உன் சில்வண்டு

மார்ச் 21

அன்புள்ள சில்வண்டுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே சுகம்தான். வேலை அதிகம். வெயில் ஏறிவிட்டதால் லிப்ட் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகி நின்றுவிடுகின்றன.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்கூட வேலை செய்கிற ஒருவனுக்கு வலது கையில் கொஞ்ச நாளாகப் பிடிப்பு இல்லை. பாட்டில் மூடி திறக்க வரவில்லை, சாவி திருப்பக் கஷ்டம். முக்கியமாகச் சட்டைப் பட்டன். காலையில் சட்டை போடவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆகிறதாம். போன வருஷம் உனக்கு விரல் மரத்துப்போனபோது ரவிக்கைக் கொக்கியை எப்படி மாட்டினாய்? பெண்டாட்டியைக் கேட்க அவனுக்குக் கூச்சம். உங்கள் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளிடமும் கேட்டுப் பார். கை பலப்பட எது நல்லது? பந்து அமுக்கலாமா? முட்டை அதிகம் சாப்பிடலாமா?

நானும் அவனோடு சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறேன். இந்த வயதில் எல்லோருக்கும் தசை குறையும், அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

உன் நடை எந்த மட்டில் இருக்கிறது?

உன் அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உன்கூட வேலை செய்கிறவனின் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். அவன் மீசைக்கு மை போடுகிறவனா என்பதையும் எழுது.

பட்டனுக்கு வழி சொல்கிறேன். தைக்கிற ஆளிடம் கொடுத்துப் பட்டன்களை மேலே அழகுக்கு வைத்துவிட்டு, உள்ளே ஒட்டுப் பட்டை வைத்துத் தைக்கச் சொல். அமுக்கினால் ஒட்டும், இழுத்தால் திறக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. இங்கே நோயாளிகளின் சட்டை எல்லாம் அப்படித்தான் வருகிறது. சாவிக்கு, சாவித் தலையில் ஒரு மரத்துண்டைக் கட்டிவிட்டால் முழுக் கையால் திருப்பலாம்.

பயிற்சி அம்மா துண்டு வாங்க வந்தபோது கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்க ஆரம்பித்தாள், பிறகு சிரிக்கவில்லை. பந்து அனுப்பு என்றாள், அனுப்பியிருக்கிறேன். களைக்கிற அளவுக்கு அமுக்கக் கூடாதாம். கூடவே சில கேள்விகள் கேட்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கை மரத்துப்போகிறதா, அல்லது தொட்டால் தெரிந்தும் வலு மட்டும் இல்லையா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை பள்ளமாகிவிட்டதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோளில், தொடையில் சதை தானாகத் துள்ளுகிறதா?

இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது, அண்ணா. வேறு கதை எழுதாதே.

உன் சில்வண்டு

மே 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ ஏப்ரலில் கேட்ட கேள்விகளை உன் அண்ணன் படித்துவிட்டு, கடிதத்தை மேஜையில் வைத்து, விளக்குக்கு நேராகத் தன் கையைப் பிடித்துப் பார்த்தார். பள்ளம் இருந்தது. எனக்கும் தெரிந்தது. நீ அனுப்பிய பந்து அப்போது மடியில்தான் இருந்தது.

மறுவாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, நாலைந்து பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். கை, பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. "நான் சிகரெட் தொட்டதில்ல, டாக்டர்" என்று உன் அண்ணன் சொன்னார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்றார். அந்தப் பதிலைத்தான் உன் அண்ணனால் தாங்க முடியவில்லை.

வேலையில் அவரை ஏணி ஏற விடுவதில்லை. புகார்களைப் போனில் எடுத்துக் குறித்துக்கொள்ளும் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பேனா பிடிக்கிறவரைக்கும் அது நடக்கும்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். உனக்குச் சர்க்கரை ஏறிவிடுமாம். நான் சத்தியத்தை மீறிவிட்டேன், என்னால் ஒருத்தியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். புறப்பட்டு வரவும் வேண்டாம். இரண்டு நாள் ரயிலில் நீ வந்து நின்றால் அவருக்குப் புரிந்துவிடும். எப்போதும்போல எழுது. உன் கடிதம் வந்த நாளில்தான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

அண்ணி

ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அவரும் மிகவும் நலமாக இருக்கிறோம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். போன வாரம் எழுதிய கார்டு கிடைத்திருக்கும்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். தினமும் காலையில் தெருமுனையைத் தாண்டிப் பூங்காவரைக்கும் நடக்கிறேன். டீயில் சர்க்கரை அறவே கிடையாது. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிடுகிறோம். ஒற்றைக் காலில் இப்போது நன்றாக நிற்க வருகிறது. நீ முன்பே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. நீ சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சர்க்கரையும் இறங்கிவிட்டது, டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

உன் நண்பருக்கும் கை சரியாகிவிடும். முட்டை சாப்பிடட்டும். நன்றாகத் தூங்கட்டும். பந்தை மெதுவாக அமுக்கட்டும். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் பலம் திரும்ப வரும் என்று பயிற்சி அம்மாவும் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்புத் தங்கை

ஆகஸ்ட் 9

அன்புள்ள சில்வண்டுக்கு,

சுகமா என்று கேட்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதை என் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாய். இந்தக் கடிதம் எழுத நாலு நாள் ஆயிற்று. பேனாவில் துணி சுற்றி, முழுக் கையால் பிடித்து எழுதுகிறேன்.

உன் அண்ணி உனக்குச் சொல்லிவிட்டாள். மறுக்காதே. பிறந்ததிலிருந்து நீ ஒருநாளும் நான் சொன்னதை ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒரு கார்டிலும் ஒரு கடிதத்திலும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ சொல்வதெல்லாம் சரி" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோதுதான் நான் சாகப்போகிறேன் என்பது எனக்கு உறைத்தது. டாக்டர் சொன்னபோதுகூட அப்படி உறைக்கவில்லை.

உன் அண்ணியிடம் கோபம் இல்லை. அவளும் யாரிடம்தான் சொல்வாள்?

கை மரத்துப்போகவில்லை. சூடு தெரிகிறது, கொசு கடித்தால் தெரிகிறது, விரட்டத்தான் முடியவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, லிப்ட் பெட்டி நன்றாக இருக்கிறது, நடுவே ஓடுகிற கம்பி மட்டும் அறுந்துகொண்டே வருகிறது. நான் வேலை பார்த்த எந்த லிப்டாக இருந்தாலும் கம்பியை மாற்றியிருப்பேன்.

படியேறினேன், சர்க்கரை தொடவில்லை, பீடி சிகரெட் இல்லை, மெதுவாக மென்று தின்றேன். யாரோடு போட்டி போட்டு இதையெல்லாம் செய்தேன் என்று தெரியவில்லை. பத்து நாளாக டீயில் சர்க்கரை போட்டுக் குடிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சி அம்மாவிடம் கேட்க வேண்டியதை மாற்றிக் கேள். பலம் வர என்ன செய்யலாம் என்று கேட்காதே. மிச்சம் இருக்கிற பலத்தை எதற்கு வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கேள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா? ராத்திரி புரண்டு படுக்க உன் அண்ணியை எழுப்புகிறேன். அவள் தூங்கி ரொம்ப நாள் ஆகிறது. ஒருத்தர் நம்மைக் குளிப்பாட்டும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இதையும் கேள்.

மூச்சு விடுவது நின்றுபோகும் காலத்தில் அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது என்கிறார்கள். வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச வருஷம் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு இருக்கலாமாம். ஒருநாள் வேண்டும் போல இருக்கிறது. மறுநாள் வேண்டாம் போல இருக்கிறது. அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் ஒழுங்காகச் சண்டை போட்டு எழுது.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 25

அண்ணாவுக்கு,

நலம் கேட்கிற மாதிரி நான் இல்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஜனவரியிலேயே ஸ்பேனர் விழுந்ததை எழுதினாயே, ஏப்ரல் மாதம்வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தாய்? என்னை மட்டும் பத்தடியில் டாக்டர் இருக்கிறார், பார்க்கவில்லையா என்று கேட்டாய். பெரிய புத்திசாலி. "கூட வேலை செய்கிறவன்" என்று யாரை ஏமாற்றப் பார்த்தாய்? முதலிலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று பயிற்சி அம்மா சொல்கிறாள். அது வேறு விஷயம். நான் திட்டத்தான் செய்வேன்.

அவளை இன்று சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டேன். தண்ணீரைத் தனியாகக் குடிக்காதே, மாவு கலந்து கூழாக்கிக் குடி. விழுங்கும்போது முகத்தை மேலே தூக்காமல், தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கு. சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி படுத்திரு, பேசாதே. மென்று தின்னவே பலம் வேண்டும். மதியத்துக்குமேல் பேச்சு குழறினால், பேச வேண்டியதைக் காலையில் பேசிவிடு. எழுதுவதை விட்டுவிடு, அந்தப் பலத்தில் நீயாக நாலு வாய் சாப்பிடலாம். அண்ணி உன்னைத் தூக்கக் கூடாது. விரிப்பைக் குறுக்கே மடித்து உனக்கு அடியில் போட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நீ தானாகப் புரள்வாய். வழுவழுப்பான விரிப்பாகப் பார்த்து இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

குளிப்பாட்டும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றதற்கு அவள் யோசித்துவிட்டு, "கண்ணை மூடிக்காம இருந்தா போதும். மூடிட்டா குளிப்பாட்டறவங்களுக்குத்தான் தனியா இருக்கிற மாதிரி ஆயிடும்" என்றாள்.

இப்போது என் விஷயம். நான் ஒருநாள்கூட நடக்கவில்லை. பூங்கா எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மே மாதம் ஒரு நாள் செருப்புக்குள் ஒரு பட்டன் கிடந்திருக்கிறது. காலையிலிருந்து மூன்று மணிவரைக்கும் அதன்மேல் நின்று இஸ்திரி போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் ரத்தம். அந்தப் புண் ஆறவில்லை. ஜூலையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் வர முடியவில்லை, அண்ணி வேண்டாம் என்றதால் மட்டும் இல்லை. ஆறினதும் வருவேன்.

டீயில் எத்தனை ஸ்பூன் போடுகிறாய்? குவித்துப் போடு.

உன் சில்வண்டு

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் அடித்த தந்தி கிடைத்தது என்று தெரியும். உன் வீட்டுக்காரர் போட்ட பதிலில் உன் காலைக் கணுக்கால்வரைக்கும் எடுத்துவிட்டார்கள், நீயே படுக்கையில் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். எழுந்து உட்கார முடிகிறதா? வலி எப்படி இருக்கிறது?

இந்த ஆறு மாதம் உன் கார்டுக்கெல்லாம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு அவர் எழுதவில்லை. பயிற்சி அம்மா சொன்னபடி அந்தப் பலத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார். நவம்பரில் அதுவும் முடியவில்லை, குழாயில்தான் உணவு. பேச்சும் அதே மாதம் போயிற்று.

பிறகு கண்தான். ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் நான் க, ச, ட என்று வரிசையாகச் சொல்வேன். எழுத்து வந்ததும் சிமிட்டுவார். அப்புறம் அ, ஆ, இ என்று திரும்ப ஆரம்பிப்பேன். ஒரு வார்த்தைக்கு எனக்கு வாய் வலித்துவிடும். "இத்தனை எழுத்து வச்சவன் மட்டும் என் கையில கிடைச்சா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் கண் சிரித்தது. உன் கடிதம் படித்த நாளெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்வார். கால். உன் கால் எப்படி என்று கேட்கிறாராம். எனக்குத் தெரியாது என்பேன். அடுத்த நாளும் அதையே கேட்பார்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வேறு யாரிடமும் கேட்க முடியாது.

பிப்ரவரியில் மூச்சு திணறியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, தொண்டையில் துளை போட்டு மெஷினில் வைக்கலாம், வருஷக் கணக்கில் இருக்கலாம், வைத்துவிட்டால் எடுப்பது சுலபமில்லை என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்கச் சொன்னார். "மெஷின் வேணுமா?" என்று கேட்டேன். ஒருமுறை சிமிட்டினார். டாக்டர் அந்த நேரம் நர்ஸ் பக்கம் திரும்பியிருந்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கண் மூடித் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டார். "என்ன சொல்றார்?" என்று டாக்டர் கேட்டார். "வேண்டாம்னு சொல்றார்" என்றேன்.

மறுநாள் காலையில் போய்விட்டார்.

முதல் சிமிட்டலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எல்லோருக்கும் கண் தானாகச் சிமிட்டத்தானே செய்யும்? இரண்டாவது அப்படித்தானோ? நான் மாதக் கணக்கில் தூங்கவில்லை. முதுகு நிமிரவில்லை. என் களைப்புதான் இரண்டு என்று எண்ணிவிட்டதோ? நீ அவரோடு பிறந்தவள். அவர் என்ன சொல்லியிருப்பார்?

அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் உட்காருகிறேன். ஜன்னல்வரைக்கும் கட்டையை ஊன்றிப் போய் வருகிறேன். தந்தி வந்தபோது, நான் இத்தனை வருஷம் இஸ்திரி போட்டுக் கொடுத்த விரிப்பின்மேல் படுத்திருந்தேன். அண்ணா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. அதை எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அண்ணி, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். இரண்டு முறைதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணா எனக்கு எழுதியிருந்தார். ஆகஸ்ட் கடிதத்தோடு தனியாக ஒரு சின்னத் தாள் மடித்து வைத்திருந்தார். அதில் மெஷின் வேண்டாம், அந்த நேரம் வந்தால் விட்டுவிடச் சொல், இதை இப்போது உன் அண்ணியிடம் சொன்னால் அழுவாள், பிறகு சொல் என்று எழுதியிருந்தார். நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். என் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன்.

தாளை அனுப்பத்தான் நினைத்தேன். வேலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சட்டை சலவைக்குப் போய்விட்டது. கொதிதண்ணீரில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நீங்கள் எதுவும் தவறாக எண்ணவில்லை. இனிமேலாவது தூங்குங்கள். முதுகுக்கு டாக்டரைப் பாருங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தால் வலி குறையும். எழும்போது அப்படியே எழாமல், பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

உங்கள் சில்வண்டு

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ஜன்னல்வரைக்கும் போகிறாய் என்று படித்து நிம்மதி. மற்றக் காலையும் தினமும் பார்த்துக்கொள். அடிபட்டாலும் உனக்குத் தெரியாது, உன் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்.

உன் கடிதம் வந்த பிறகு சில நாள் நன்றாகத் தூங்கினேன். தலையணை வைத்து ஒருக்களித்துத்தான். விடிந்தது தெரியாமல் தூங்கினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றபோது, ஆகஸ்ட் கடிதத்தை உறையில் போட்டது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. அவரால் தாளை மடிக்க முடியவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று கொடுத்தார், முன்னும் பின்னும் படித்தேன், மடித்தேன், ஒட்டினேன், தபால் பெட்டியில் போட்டேன். ஒரு நாள் வேண்டும் போல, மறுநாள் வேண்டாம் போல என்று எழுதியிருந்தார். வேறு தாள் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அம்மாகூட எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டாள். தூங்கிய அந்த நாட்களுக்கு உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் ஞாபகம் வராமலே இருந்திருக்கலாம்.

முதுகுக்குப் போய்க் காட்டினேன். எலும்பு நடுவே தேய்ந்திருக்கிறதாம். டாக்டர் படத்தோடு ஒரு தாள் கொடுத்து, தினமும் காலையில் இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள், இன்னும் முப்பது வருஷம் நன்றாக நடமாடலாம் என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பது வருஷம் நடமாடி எங்கே போக வேண்டும் என்று அவரைக் கேட்கவில்லை.

நீ எனக்காக இவ்வளவு செய்த பிறகு, உன்னிடம் மறைத்து வைத்திருப்பது சரியில்லை. போன கடிதத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று எழுதி நிறுத்திவிட்டேன். மூடியே இருக்கவில்லை. டாக்டர் வெளியே போன பிறகு திறந்தார். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். டாக்டர் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார், கூப்பிட்டால் வந்திருப்பார். இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

நான் கேட்கவில்லை.

அண்ணி